பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு மண்டபத்து வாசலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், என்னோடு ரிலே டெஸ்டிங் பிரிவில் இருந்து எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், என் அக்கா மகன். அக்கா மகன் வடக்கே ஒரு டிரான்ஸ்மிஷன் கம்பெனியில் இன்ஜினியர். எங்கள் ஆட்கள் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் சப்-ஸ்டேஷனில் வந்துதான் நிற்கும். அன்றைக்கும் நின்றது.

“மாமா, இப்பல்லாம் கேரியர் செட்டு தன்னைத்தானே டெஸ்ட் பண்ணிக்குது. 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை அதுவே அந்தப் பக்கத்தைக் கூப்பிட்டு, பதில் வாங்கி, ஓ.கே.னு பதிஞ்சு வச்சிருது. மனுஷன் போயி பட்டன் அமுக்குற வேலையே இல்ல. அமெரிக்காவுல 12 வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும்னு விதியே இருக்கு” என்றான்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “அதெல்லாம் சும்மா தம்பி. அந்த ஆட்டோ டெஸ்டை மொதல்ல ஆஃப் பண்ணணும். நாங்க ஷிப்டுக்கு ஒரு தடவை பட்டன் அமுக்கி லாக் புக்குல எழுதுனோம். லைன் நல்லா ஓடுச்சா இல்லையா?”

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று “ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்” என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனது ஆறவில்லை. உண்மையில் இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மின்வாரியத்தில் வேலை பார்க்காத நண்பர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். சப்-ஸ்டேஷன் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். லைன் உள்ளே நுழைகிற இடத்தில் பெரிய பீப்பாய் மாதிரி ஒன்று தொங்கும், அல்லது இன்சுலேட்டர் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்கு வேவ் ட்ராப் என்று பெயர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிற அதே கம்பியில், சுமார் 40 முதல் 500 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்ணில் நம் பேச்சையும் சைகைகளையும் ஏற்றி அனுப்புவதுதான் பி.எல்.சி.சி. என்கிற கேரியர். கேரியர் அலை ஸ்டேஷனுக்குள் சிதறிப் போகாமல் தடுப்பது வேவ் ட்ராப். பக்கத்தில் நிற்கிற கப்பாசிட்டர் வழியாக அது கீழே இறங்கி, எல்.எம்.யூ. என்ற சின்னப் பெட்டிக்குள் போய், கேபிள் வழியாகக் கேரியர் ரூமில் இருக்கிற செட்டுக்கு வரும். டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தில், நாங்கள் இந்தக் கேரியர் போனில்தான் ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனைக் கூப்பிட்டுப் பேசினோம்.

பேச்சை விடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு. லைனில் இடி விழுந்தால் இரண்டு பக்கத்து பிரேக்கரும் சேர்ந்து உடனே திறக்க வேண்டும். ஒரு பக்கத்து டிஸ்டன்ஸ் ரிலே லைனின் முதல் 80 சதவீதத்தைத்தான் நிச்சயமாக உடனடியாகப் பார்க்கும். கடைசி 20 சதவீதத்தில் பழுது என்றால், அது பக்கத்து ஸ்டேஷன் பழுதாகவும் இருக்கலாமே என்று கொஞ்சம் காத்திருக்கும். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்து ரிலே கேரியர் வழியாக “இது நம்ம லைன்தான், திற” என்று கட்டளை அனுப்பினால் காத்திருக்காமல் திறந்துவிடும். ஒரு வினாடி கழித்துத் தானாக மூடிக்கொள்ளவும் செய்யும். இடிப் பழுது பெரும்பாலும் அதற்குள் அணைந்திருக்கும், ஊருக்கு விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டுவதோடு சரி. கேரியர் வரவில்லை என்றால், பிரேக்கர் தாமதமாகத் திறக்கும். தாமதமாகத் திறந்தால் தானாக மூடாது. ஊர் இருட்டாகிவிடும்.

ஆக, வருடத்தில் சில வினாடிகளுக்காக மட்டும் வேலை பார்க்கிற சாமான் இது. மற்ற நேரமெல்லாம் “நான் இருக்கிறேன்” என்று கார்டு டோன் ஒன்றை அனுப்பிக்கொண்டு சும்மா இருக்கும். சும்மா இருக்கிற ஆள் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் தானியங்கி சோதனை. செட் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு சோதனைச் சைகை அனுப்பும். எதிர்ப்பக்கம் அதைத் திருப்பி அனுப்பும். வந்தால் பாஸ், வராவிட்டால் அலாரம். எத்தனை மணிக்கு ஒருமுறை, எத்தனை தடவை முயற்சிப்பது, சிக்னல் எவ்வளவு குறைந்தால் எச்சரிப்பது, அலாரம் எத்தனை வினாடி கழித்து அடிப்பது, அதை எங்கே காட்டுவது என்பதையெல்லாம் நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அமைத்தவன் நானாக இருந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற 6 வருடம் இருக்கும்போது, தென் மாவட்டத்தில் ஒரு 230 கே.வி. ஸ்டேஷனின் கேரியர் செட்டுகள் என் பொறுப்பில் இருந்தன. ஒரு லைனில் தினமும் விடிகாலை 4 மணிச் சோதனை மட்டும் தோற்கும். காலை 10 மணி, மாலை 4 மணி, இரவு 10 மணி எல்லாம் பாஸ். அலாரம் அடித்தவுடன் நைட் ஷிப்ட் ஆபரேட்டர் எனக்குப் போன் செய்வார். நான் தூக்கக் கலக்கத்தில் “ரீசெட் பண்ணுங்க” என்பேன். பத்து நாள் இப்படியே போனது. லைன் கிளியர் வாங்கி யார்டில் இறங்கிப் பார்க்க வேண்டிய வேலை. வாங்கவில்லை. லோடு அதிகம், கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் பகலில் போய், வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றாத பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்து இரண்டு மாற்றம் செய்தேன். சோதனையை 24 மணிக்கு ஒருமுறை, பகல் 11 மணிக்கு என்று வைத்தேன். சிக்னல் கெட்டால் அடிக்கிற அலாரத்தின் தாமதத்தை, அது அனுமதித்த அளவுக்கு நீட்டினேன். அன்றிலிருந்து அமைதி. போனும் இல்லை, அலாரமும் இல்லை. தினமும் பகல் 11 மணிக்கு டெஸ்ட் ஓ.கே.

சர்க்கரை சோதனைக்கு முந்தின நாள் மட்டும் இனிப்பை விடுகிற ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி நல்ல இடி மழை. எதிர்ப்பக்கத்து ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் லைனில் இடி விழுந்தது. அந்தப் பக்கம் சரியாகத்தான் திறந்தது, கட்டளையும் அனுப்பியது. எங்கள் செட் அதை ஏற்கவில்லை. சிக்னலை விட இரைச்சல் அதிகமானால் கட்டளையை ஏற்காமல் பூட்டிக்கொள்வது அதன் இயல்பு, இல்லாவிட்டால் இரைச்சலையே கட்டளை என்று நினைத்துக் கண்ட நேரத்தில் பிரேக்கரைத் திறந்துவிடும். செட் தன் கடமையைச் செய்தது. லைன் தாமதமாகத் திறந்தது, திரும்ப மூடவில்லை. மழையில் இன்னொரு லைன் ஏற்கெனவே அவுட். 2 மணி நேரத்துக்கு மேல் ஊர் இருட்டு.

மறுநாள் லைன் கிளியர் கிடைத்தது. அந்தப் பத்து நாளில் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். எல்.எம்.யூ. பெட்டியைத் திறந்தால் கதவு ரப்பர் நைந்து கிடந்தது. உள்ளே ஈரம், எறும்புப் புற்று. விடிகாலைப் பனியில் சிக்னல் வடிந்து போய், வெயில் ஏறியதும் காய்ந்து சரியாகியிருக்கிறது. 4 மணிச் சோதனை பத்து நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டியிருந்தது ஒரு ரப்பர் பட்டை.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நாள் என்னை உறுத்தியிருக்காது. விசாரணை வந்தது. அன்று ராத்திரி 2 மணிக்கு லாக் புக்கில் ஆபரேட்டர் “கேரியர் ஹெல்தி” என்று எழுதியிருந்தார். பேனலில் பச்சை விளக்கு எரிந்தது, எழுதினார். பழுதைக் கவனிக்கத் தவறியதாக அவருக்கு மெமோ. 6 மாதம் இன்கிரிமென்ட் தள்ளிப்போனது. என்னிடம் விளக்கம் கேட்டார்கள். “பருவநிலை காரணமாகத் தற்காலிக சிக்னல் இழப்பு” என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அமைப்பை மாற்றியவன் நான் என்று எழுதவில்லை. பழையபடி அமைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காபி கொடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அப்பவே சொல்லியிருந்தா இன்கிரிமென்ட் வந்திருக்குமே சார்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பதில் இல்லை.

இப்போது அண்ணாச்சிக்கு வருகிறேன். ஆட்டோ டெஸ்டை ஆஃப் பண்ணிவிட்டுப் பழையபடி கையால் அமுக்கினால் போதும் என்கிறீர்கள். அண்ணாச்சி, நாம் அமுக்கிய லட்சணம் நமக்குத் தெரியாதா? காலை ஷிப்டில் ஒழுங்காக அமுக்கி “ஓ.கே.” என்று எழுதுவோம். அதற்குக் கீழே மாலை ஷிப்டிலும் நைட் ஷிப்டிலும் இரண்டு சின்னக் கோடு, மேற்படி. பழைய லாக் புக்கைப் புரட்டிப் பார்த்தால் பக்கம் பக்கமாக மேற்படிதான் இருக்கும். விடிகாலை 4 மணிக்குக் குளிரில் எழுந்து கேரியர் ரூமுக்குப் போய் பட்டன் அமுக்கியவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரும் அல்ல. என் லைனில் இருந்த பழுதை அந்த இயந்திரம் பத்து நாளும் 4 மணிக்குச் சரியாகப் பிடித்தது. சொன்னதைக் கேட்காமல் வாயை அடைத்தவன் மனுஷன், அதாவது நான்.

மாப்ளே, இப்போது உனக்கு. இயந்திரமே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்கிறாய். இன்னொரு சம்பவம் கேள். வேறொரு லைனில் பழைய ரிலேயை எடுத்துவிட்டுப் புது ரிலே போட்டார்கள். வேலை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் தானியங்கி சோதனை எல்லாம் பாஸ், ஒன்றுகூடத் தோற்கவில்லை. வருடாந்திரச் சோதனைக்கு நம் அண்ணாச்சி போனார். எதிர்ப்பக்கம் ஒரு ஆளை நிறுத்தி, ரிலேயிலிருந்தே கட்டளை கொடுக்கச் சொன்னார். இந்தப் பக்கத்து ரிலேக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. தேடினால், செட்டுக்கும் ரிலேக்கும் நடுவில் உள்ள டெர்மினலில் ஒரு லிங்க் திறந்தே கிடந்தது. புது ரிலே போட்டவர்கள் வேலைக்காகத் திறந்ததை மூட மறந்திருக்கிறார்கள். அத்தனை மாதமும் செட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுச் சௌக்கியம் விசாரித்துக்கொண்டிருந்தன. செட்டுக்கு வெளியே ஒரு அடி தள்ளி ஒயர் அறுந்து கிடப்பது அவற்றுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, சோதனையின் எல்லை செட்டோடு முடிந்துவிடுகிறது. அன்றைக்கு அந்த லைனைக் காப்பாற்றியது, நீ வேண்டாம் என்கிற மனுஷச் சோதனை.

அந்த அமெரிக்க விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் பி.ஆர்.சி.-005 என்ற தர விதி இருக்கிறது. நீ சொன்ன 12 வருடம் அதில் உண்மைதான். கண்காணிப்பு இல்லாத தகவல் தொடர்புக் கருவி என்றால் 4 மாதத்துக்குள் ஒருமுறை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. 12 வருடச் சலுகை, தொடர்ந்து கண்காணிக்கிற அல்லது தானாகச் சோதித்து அலாரம் கொடுக்கிற கருவிக்குத்தான். அந்த அலாரத்தை முழுக் கண்காணிப்பில் இருப்பதாகக் கணக்கில் எடுக்க வேண்டுமானால், பழுதைக் கண்டுபிடித்த 24 மணி நேரத்துக்குள், நடவடிக்கை எடுக்கக்கூடிய இடத்துக்கு அது போய்ச் சேர வேண்டும். பூட்டிய கேரியர் ரூமில் தனியாக எரிகிற சிவப்பு விளக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. சலுகையை மட்டும் படித்துவிட்டு நிபந்தனையை விட்டுவிடுவது நம் ஊரில் புதிதல்ல.

“இப்ப ஃபைபர் வந்தாச்சே, கேரியர் எதுக்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. எர்த் கம்பிக்குள்ளேயே கண்ணாடி இழை ஓடுகிறது, தெரியும். ஆனாலும் இரண்டாவது வழியாகக் கேரியர் பல லைன்களில் இன்னும் இருக்கிறது. ஃபைபருக்கும் இதே கதைதான். அதன் செட்டும் தன்னைத்தானே சோதிக்கும், அதற்கும் ரிலேக்கும் நடுவிலும் ஒரு ஒயர் இருக்கும்.

ஊர் ஒரு மணி நேரம் இருட்டானால் என்ன, இதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். 2012 ஜூலை 30-ஆம் தேதி வட கிரிட் விழுந்ததும், மறுநாள் வட, கிழக்கு, வடகிழக்கு கிரிட் மூன்றும் சேர்ந்து விழுந்ததும் நினைவிருக்கும். அதற்குக் காரணம் கேரியர் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். லோடு ஏறிய நிலையில் ஒரு லைன் ரிலேயால் திறந்தது, அதிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிந்தது. விசாரணைக் குழு, பாதுகாப்புக் கருவிகளை வெளியாட்களை வைத்துத் தணிக்கை செய்யச் சொன்னது. அன்றைக்கு நம் தென் கிரிட் வடக்கோடு ஒன்றாக ஓடவில்லை, அதனால் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் இணைந்த பிறகு நாடு முழுக்க ஒரே கிரிட். ஒரு ஸ்டேஷன் பழுது அந்த ஊரோடு நிற்கும் என்று இப்போது யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நான் சொல்வது பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

சோதனை நேரத்தை நமக்கு வசதியான நேரத்தில் வைக்கக்கூடாது, லைனுக்குக் கஷ்டமான நேரத்தில் வைக்க வேண்டும். பனி இறங்குகிற விடிகாலை கட்டாயம் அதில் இருக்க வேண்டும். கடலோர ஸ்டேஷன் என்றால் இன்சுலேட்டரில் உப்புப் படிந்திருக்கும், அங்கே இன்னும் அவசியம்.

சிக்னல் குறைவு எச்சரிக்கையைக் கம்பெனி கொடுத்த எண்ணில் அப்படியே விடக்கூடாது. லைனை முதலில் ஓட்டியபோது அளந்த அளவு என்ன, அதிலிருந்து எவ்வளவு இறங்கலாம் என்று கணக்குப் போட்டு வைக்க வேண்டும். 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி. 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒன்று. காகிதத்தில் சின்ன எண்ணாகத் தெரியும்.

மூன்று தடவை முயன்று ஒரு தடவை பதில் வந்தாலும் பாஸ் என்று வைத்தால், தோற்ற இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது தட்டலில்தான் கதவு திறக்கிறது என்றால் உள்ளே இருப்பவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அலாரம் ஆள் இருக்கிற இடத்துக்கு வர வேண்டும். வந்தால் யார், எத்தனை மணிக்குள் பார்ப்பது என்று பெயரோடு இருக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, பேனலில் யார் கை வைத்தாலும் அதற்குப் பிறகு ஒருமுறை, இரண்டு பக்கமும் ஆளை நிறுத்தி ரிலேயிலிருந்து ரிலே வரை சோதிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முக்கியம். அமைப்பை மாற்றுகிறவர் ஒரு நோட்டில் தேதி போட்டு, பழைய எண், புது எண், ஏன் மாற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு நோட்டு அன்றைக்கு இருந்திருந்தால், “அலாரம் தொந்தரவு, அதனால் நேரத்தை மாற்றினேன்” என்று எழுத எனக்குக் கை வந்திருக்காது. எழுதியிருந்தாலும் அந்த ஆபரேட்டர் தப்பித்திருப்பார்.

இதெல்லாம் சப்-ஸ்டேஷன் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கும், நிறைய பேர் ஈ.எல்.சி.பி. என்றுதான் சொல்வோம். ஷாக் அடித்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற சாமான். அதில் ‘டி’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை அமுக்குங்கள், டக் என்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விழுந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இருந்துவிடாதீர்கள். அந்தப் பொத்தான் அந்தப் பெட்டியை மட்டும்தான் சோதிக்கிறது. உங்கள் வீட்டு எர்த் கம்பி குழியில் அறுந்து கிடந்தாலும் அது விழத்தான் செய்யும். எர்த்தைத் தனியாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கல்யாண மண்டபத்தில் மழுப்பியதற்கு அண்ணாச்சியும் மாப்ளையும் என்னை மன்னிக்க வேண்டும். அடுத்த விசேஷத்தில் சந்திக்கும்போது இதே வாசலில் உட்கார்ந்து சண்டை போடலாம், நான் தயார்.